தண்டுக்குப் போன நெய்

லாயாங் லாயாங்
14-9-1928

ஜொஹராக்காவுக்கு அங்கம்மா எழுதுவது.

நலமா என்று கேட்க இன்னும் மனசு வரவில்லை. கடிதத்தின் தலையில் ‘முருகன் துணை’ இல்லாதது மறதியால் அல்ல. பதினோரு நாள் அந்தக் கொழுப்பைத் தொட்டுத் திரி நனைத்த கை இது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை பிழிந்தேன். முகர்ந்தால் அதே நாற்றம். இந்தக் கையால் அந்தப் பெயரை எழுதக் கூசுகிறது.

யாராவது கேட்டால் அங்கம்மா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் அசிங்கம்.

ஆடியில் உங்கள் படகு எஞ்சின் தண்டு போகும் ஓட்டை வழியாகத் தண்ணீர் குடித்து, அதில் வேலை செய்யும் இவர் உயிர் தப்பிக் கரையேறினாரே, அன்றைக்கு நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்கு நேர்ந்துகொண்டேன். முப்பத்தேழு நாள் ஒழுங்காய் எரிந்தது. நோட்டில் நாளுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டாம் நாள் நெய் தீர்ந்தது. நபி பிறந்தநாள் மவுலூதுச் சோற்றுக்கு வந்த நெய் டின்னிலிருந்து நீங்கள் ஒரு கிண்ணம் கொடுத்தீர்கள். வெள்ளையாய் உறைந்திருந்தது. வாடை கொஞ்சம் வேறாய் இருந்தது. சிங்கப்பூர் நெய் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கடைசி நாள் இவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்து என்ன கேட்டார் தெரியுமா? “என்ன புள்ள, வீட்டுக்குள்ள கிளாண்டு வாசம் அடிக்குது?”

உங்கள் வீட்டுக்காரர் ஒரே சாக்கில் இரண்டு டின் கொண்டுவந்தாராம். ஒன்று சோற்றுக்கு நெய். இன்னொன்று படகுத் தண்டைச் சுற்றித் திணிக்கிற கயிற்றுக்குப் பூசும் கிளாண்டுக் கொழுப்பு. நெய் தண்டுக்குப் போய்விட்டது. கொழுப்பு உங்கள் சோற்றுக்கும் என் விளக்குக்கும் வந்துவிட்டது.

தவறு நடப்பதுதான். ஆனால் உங்கள் அடுப்படியில் நின்று நான் அழுதபோது நீங்கள் சொன்னீர்களே, “யா அல்லாஹ், இது மாடாவே இருக்கட்டும்” என்று. என் முகத்துக்கு நேரே. என் விளக்கில் பசு எரிந்திருந்தால் உங்களுக்கு நிம்மதியா அக்கா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கொழுப்பு படகில் இருக்கும்வரை இவர் கை அதில் படும். அந்தக் கையால் அள்ளிய சோற்றை நான் தொட மாட்டேன், அந்தக் கை திறக்கும் கதவுக்குள் வரவும் மாட்டேன். டின்னைத் தூக்கி எறியச் சொல்லுங்கள்.

அங்கம்மா

*

786

தெப்ராவ்
19-9-1928

அங்கம்மாவுக்கு ஜொஹரா எழுதிக்கொள்வது.

என் தமிழெழுத்து கோணல்தான். அரபுத்தமிழில் எழுதினால் அழகாய் எழுதுவேன், உனக்குப் படிக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்.

நான் சொன்னதை மட்டும் கொண்டுபோயிருக்கிறாய். நீ சொன்னது எங்கே? “பன்னியா இருந்தாத் தேவலை, என் வெளக்காச்சும் தப்பிக்கும்.” அதையும் என் முகத்துக்கு நேரேதான் சொன்னாய். என் வீட்டு மவுலூதில் ஐம்பத்திரண்டு பேர் அந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள். மவுலூது ஓதிய லெப்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார். “ஜொஹரா, இந்த வருஷம் சோத்துல தனி மணம்மா” என்று துஆ செய்துவிட்டுப் போனார். அந்த மணம் எதன் மணம் என்று அவருக்குத் தெரியாது. தெருவில் அவரைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறேன்.

மாடாயிருந்தாலும் அது பிஸ்மில்லா சொல்லி அறுத்த மாடா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அதுவும் ஹராம்தான். ஆனாலும் பன்னிக்கு முன்னால் அது மேல் என்று வாய் சொல்லிவிட்டது. சட்டி, அகப்பை, அம்மி எல்லாவற்றையும் ஏழு தடவை கழுவினேன், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். அது பன்னிக்குச் சொன்ன கழுவல். ஏன் மண்ணெடுக்கிறாய் என்று என் வீட்டுக்கார மச்சான் கேட்டதற்குச் சட்டியில் துரு என்றேன். அவருக்கு நெய் மாறியது தெரியும், சோறு அதிலே வெந்தது தெரியாது. கடை நெய் வாங்கி ஆக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. நீ கோபத்தில் வாயைத் திறந்தால் நான் இந்தக் கம்பத்து ஜனங்கள் நடுவில் இருக்க முடியாது.

டின்னில் ஒட்டியிருந்த காகிதம் படகுத் தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிட்டது. ஒரு துண்டுதான் மிச்சம். அதில் ஒரு கால் தெரிகிறது. குளம்பு இரண்டாய்ப் பிளந்திருக்கிறது. மாட்டுக்கும் பிளந்திருக்கும், பன்னிக்கும் பிளந்திருக்கும். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

டின்னை எறி என்கிறாய். மச்சானிடம் கேட்டேன். “கொழுப்பில்லாமக் கயிறு கருகிப் போவும், கயிறு கருகினா ஆறு உள்ள வரும், எறிஞ்சிட்டு நீ வந்து தண்ணி எறைக்கிறியா?” என்றார். நெய் பூசி ஓட்டிய நாட்களில் கயிறு தீய்ந்து தண்ணீர் பீறிட்டதாம். உன் வீட்டுக்காரரும் வேறு வழியில்லை என்கிறார்.

ஜொஹரா

*

லாயாங் லாயாங்
27-9-1928

ஜொஹராக்காவுக்கு,

நான் பன்னி என்று சொன்னது உண்மை. மறந்துபோயிருந்தேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் அது பொய்யாகும். என் வாயிலிருந்து அந்தச் சோற்று விஷயம் வராது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளந்த குளம்பென்றால் ஆடாகவும் இருக்கலாம் என்று அண்ணன் சொல்கிறது. அது வந்த ஆறுதல் அரை நாள்தான். ஆட்டுக் கொழுப்பில் விளக்கேற்றினால் மட்டும் என்ன வாழ்கிறது! இங்கே சவுக்காரத்தைத் தொட்டாலும் இது எதை உருக்கியதோ என்று தோன்றுகிறது. அண்ணி வடை சுட்டால் எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்க்கிறேன். அண்ணிக்கு என்மேல் எரிச்சல்.

கொழுப்பில்லாமல் முடியாது என்று இரண்டு ஆம்பிளைகள் சொல்லிவிட்டதால் முடியாது என்று ஆகிவிடுமா? அந்த ஓட்டையை நான் கண்ணால் பார்த்ததில்லை. இவர் சொல்லிக் கேட்டதுதான். எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்து வெளியே போகிறது, அதன் நுனியில் விசிறி. தண்டு சுழல வேண்டும், ஆனால் சுற்றி இருக்கிற இடுக்கில் ஆறு உள்ளே வரக் கூடாது. அதற்காகப் பித்தளைப் பெட்டி வைத்து, கொழுப்பில் ஊறிய சணல்கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து, திருகி இறுக்குவது கிளாண்டு. இறுக்கினால் தண்டு சூடேறிக் கயிறு கருகுகிறது. தளர்த்தினால் ஒழுகுகிறது. சரிதானே?

நேற்று அண்ணியின் சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கிறது. டப்பாவில் மூடி இறுக்கமில்லை, துணி கட்டவில்லை. சும்மா தண்ணீர்தான் காவல். எறும்பு வருகிற வழியை அடைக்கவில்லை அக்கா, அந்த வழியில் வேறொன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு வருகிற வழியிலும் அப்படி ஏதாவது நிறுத்த முடியாதா?

படகு நிற்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, ஓடும்போது எத்தனை என்று நீங்களே எண்ணி எழுதுங்கள். ஆம்பிளைகள் “கொஞ்சம்” என்பார்கள், “கணக்கா இல்லை” என்பார்கள். எனக்கு எண்ணிக்கை வேண்டும். தண்டுக்கும் வெளித் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் எவ்வளவு உயரம் என்பதும் வேண்டும்.

அங்கம்மா

*

786

தெப்ராவ்
6-10-1928

அங்கம்மாவுக்கு,

என் வயசுக்கு என்னைப் படகின் அடித்தட்டில் குனிய வைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மச்சான் போனதும் போனேன். உன் வீட்டுக்காரர் பலகையைத் தூக்கிக் காட்டினார். அலமாக், அந்த நாற்றம்! ஊசிப்போன தண்ணீர், கரி, அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்க் கொழுப்புத் திரள். சோற்றுப் பருக்கை மிதப்பதுபோல இருந்தது. முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு எண்ணினேன். நிற்கும்போது நிமிஷத்துக்கு நாற்பத்தொன்று. ஓடும்போது சொட்டு இல்லை, ஒழுக்கு. அரை மணி நேரத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைந்துவிட்டது. தண்டுக்குமேல் ஆற்று மட்டம் இரண்டடி. கயிற்றில் முடிச்சுப் போட்டு நானே அளந்தேன்.

உன் வீட்டுக்காரர் செல்லப்பனைக் கேட்டேன், “ஏம்ப்பா, பொண்டாட்டிய அழைச்சுட்டு வரலையா?” என்று. “போனேங்க்கா. வாசல்லயே நிக்க வச்சுக் கைய மோந்து பாத்துட்டு ‘போய்ட்டு வாங்க’ன்னுட்டா” என்றார். மனுஷன் பாவம் லா. அவரே பொங்குகிறார். சோறு கஞ்சியாய் இருக்கிறது, கஞ்சி கட்டியாய் இருக்கிறது. நான் ஏதாவது கொடுத்தனுப்பலாம் என்று தூக்குச்சட்டியை எடுப்பேன். அந்தச் சட்டியா என்று நினைப்பு வந்ததும் திரும்ப வைத்துவிடுவேன். ஏழு தடவை கழுவியும் என் கையே என் சட்டியை நம்பவில்லை.

உன் எறும்புக் கிண்ணத்தை அவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்டைச் சுற்றிய இடுக்கை விரல் வைத்து அளந்தார்.

ஜொஹரா

*

லாயாங் லாயாங்
15-10-1928

ஜொஹராக்காவுக்கு,

நாற்பத்தொன்று என்று எண்ணி எழுதினீர்களே, அதற்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிறகு என் கை ஞாபகம் வந்தது.

கவனமாய்ப் படியுங்கள், படித்து இவரிடம் சொல்லுங்கள். கயிற்றை ஒரே திணிப்பாய்த் திணிக்காமல் இரண்டு பங்காக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு சுற்று, உள்பக்கம் ஒரு சுற்று. நடுவில் ஒரு விரல் அகலம் காலியிடம். அந்த இடம் நசுங்கிவிடாமல், வளையல் மாதிரி ஒரு பித்தளை வளையம், சுற்றிலும் துளை போட்டது. அந்தக் காலியிடத்துக்கு மேலிருந்து ஒரு குழாய். குழாயின் உச்சியில் ஒரு பாத்திரம். பாத்திரத்தில் எண்ணெய்.

ஆறு உள்ளே தள்ளுகிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாய் எண்ணெய் வெளியே தள்ளினால் ஆறு எப்படி வரும்? எண்ணெய்தான் துளித்துளியாய் வெளியே கசியும். கசிந்தால் கசியட்டும், தண்டுக்கும் வழவழப்பு. கயிற்றுக்குக் கொழுப்பே வேண்டாம். பருத்திக் கயிற்றைத் தேன்மெழுகும் அதே எண்ணெயும் உருக்கி அதில் ஊறப் போட்டால் போதும்.

எந்த எண்ணெய் என்று நான்கு நாள் யோசித்தேன். தேங்காயெண்ணெய் மழைக்கால விடியலில் உறைகிறது, குழாய் அடைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் நீர்த்தாற்போல் இருக்கிறது, சீக்கிரம் ஓடிவிடும். விளக்கெண்ணெய்தான் சரி. கெட்டி, உறையாது, ஆமணக்கு விதையைத் தவிர அதில் ஒரு உயிரும் இல்லை. உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அதைக் கண்டால் பிள்ளைகள் ஓடும். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மதமும் ஒன்று.

ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்கிறதல்லவா? அப்படியென்றால் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஆகவே பாத்திரம் ஆற்று மட்டத்துக்குச் சமமாய் இருந்தால் தோற்றுவிடும். மட்டத்துக்கு மேலே நான்கு விரல் உயரம் வைக்கச் சொல்லுங்கள்.

வளையம் கடையும் கூலிக்கு என் காதுத் தோட்டைத் தபாலில் அனுப்புகிறேன். வேண்டாம் என்று திருப்பினால் இன்னொரு சண்டை.

அங்கம்மா

*

786

தெப்ராவ்
28-10-1928

அங்கம்மாவுக்கு,

உன்னால் நேற்று என் வீட்டில் பீங்கான் உடைந்தது.

ஜோகூர் பாருவில் ஒரு சீனர் பட்டறையில் வளையம் கடைந்தார்கள். படகைச் சேற்றில் ஏற்றிவைத்து உன் வீட்டுக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து திணித்தார். நீ சொன்ன உயரத்தில் பாத்திரம் கட்டினார். தண்ணீரில் இறக்கினோம். நானே போய் எண்ணினேன். நிமிஷத்துக்கு ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷத்துக்கும் ஒன்றுமில்லை. எஞ்சினை ஓட்டினோம், அப்போதும் இல்லை. ‘மாஷா அல்லாஹ், எறும்புக் கிண்ணம்’ என்று கத்திவிட்டேன். மச்சான்கூட மீசையைத் தடவினார்.

மறுநாள் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சுங்கை ஆற்றில் போனார்கள். பாதி வழியில் பாத்திரத்து எண்ணெய் மேலே எழும்பி வழிந்ததாம். பார்த்தால் எண்ணெய் இல்லை, புளித்த மோர் மாதிரி வெளுத்து, சேறு கலந்து, நுரைத்து. அதைச் சொல்லும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, நல்ல எச்சில் இல்லை. ஆறு உள்ளே வந்துவிட்டது. படகிலிருந்த ஆறு பேரும் தண்ணீர் இறைத்துக் கரை சேர்ந்தார்கள்.

மச்சான் சாப்பிட உட்கார்ந்தவர் பீங்கானை வீசினார். “பொம்பளைங்க பேச்சக் கேட்டு தொங்காங் படக ஓட்டுனா இப்படித்தான். திங்கக்கிழம சிங்கப்பூர் போறேன், ரெண்டு டின்னு கொழுப்பு வாங்கியாரேன்!” என்றார். உன் வீட்டுக்காரர் படகில் உட்கார்ந்து மோர் மாதிரி இருந்த அந்த அசிங்கத்தைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமையை எப்படியாவது அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறேன். அதற்குள் ஏதாவது சொல். இல்லையென்றால் சும்மா இரு. நம்பிக்கை வைத்துக் கெட்டுப்போவது, கொழுப்பைவிட நாற்றமாய் இருக்கிறது.

ஜொஹரா

*

லாயாங் லாயாங்
31-10-1928

ஜொஹராக்காவுக்கு,

தப்பு என்னுடையது, கொஞ்சம் உங்களுடையதும். நீங்கள் அளந்தது வெறும் படகு. சரக்கு ஏற்றினால் படகு தாழாதா? தாழ்ந்தால் தண்டுக்குமேல் இரண்டடி ஆறு மூன்றடி ஆகாதா? பாத்திரமும் படகோடு சேர்ந்துதானே தாழ்கிறது! என் நான்கு விரலை ரப்பர் தின்றுவிட்டது. எறும்புக் கிண்ணத்தில் டப்பா மிதப்பதில்லை, அதனால் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

முழுச் சரக்கு ஏற்றிய நாளில் படகின் வயிற்றில் பாசி படிந்த கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சாண். பாத்திரத்தை எஞ்சின் பக்கம் கட்ட வேண்டாம், கூரைக்காலில் கட்டட்டும். சரக்கில்லாத நாளில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாய்ப் போகும். போகட்டும்.

கெட்ட கயிற்றை எடுத்துப் புதிது திணிக்க வேண்டும். அந்தப் புளித்த மோரைத் துடைத்துவிட்டுத்தான்.

ஒரு தடவை. இன்னும் ஒரே தடவை. கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை அக்கா. அதற்குள் என் வீட்டில் நான் இருக்க வேண்டும்.

அங்கம்மா

*

தெப்ராவ்
16-11-1928

அங்கம்மாவுக்கு ஜொஹரா எழுதிக்கொள்வது.

ஒன்பது நடை போய் வந்தாயிற்று. முழுச் சரக்கு, மழை வேறு, ஆறு பொங்கி ஓடுகிறது. அடித்தட்டில் நான் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்த தூசி ஒட்டியது. இரண்டு நாளைக்கு ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் ஊற்றுகிறார் செல்லப்பன். மச்சான் ஒரு வார்த்தையும் பாராட்டவில்லை, ஆனால் இன்னொரு படகுக்கும் வளையம் கடையச் சொல்லியிருக்கிறார். பழைய டின்னைப் பின்னால் தென்னைக்கடியில் குழிதோண்டிப் புதைத்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மச்சான் போன வாரம் சிங்கப்பூரில் அதே டின் ஒன்று வாங்கிவந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அதில் காகிதம் முழுசாய் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். பன்னிதான் அங்கம்மா. வால் சுருண்டு, மூக்கு சப்பையாய். உன் விளக்கில் பசு எரியவில்லை. நீ தைரியமாய் வா. உன் பதினோரு நாளும் கணக்கில் சேரும்.

எனக்கு ஒன்றுமில்லை. தெரியாமல் செய்ததை அல்லாஹ் பொறுப்பான்.

ஜொஹரா

*

லாயாங் லாயாங்
16-11-1928

ஜொஹராக்காவுக்கு,

இவர் நேற்று வந்து இங்கேதான் இருக்கிறார். கையை நீட்டினார், நான் கேட்காமலே. விளக்கெண்ணெய் நாற்றம். சிறு பிள்ளையில் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே வயிற்றைப் புரட்டுகிற நாற்றம். இத்தனை வருஷத்தில் இவர் கை இவ்வளவு சுத்தமாய் எனக்குத் தோன்றியதில்லை.

உங்களுக்கு ஒரு செய்தி. அண்ணன் வேலை செய்கிற ரயில் கொட்டகையில் அதே டின் ஒன்று இருக்கிறது, காகிதம் கிழியாமல். அண்ணன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிற்று. மாடுதான் அக்கா. கொம்பும் திமிலுமாய். உங்கள் சோற்றில் பன்னி இல்லை. லெப்பை எதிரே வந்தால் இனி சந்துக்குள் ஓடாதீர்கள்.

என் விளக்கை ஆற்றில் போட்டுவிட்டேன். புதிதாய் ஒன்று வாங்கிக்கொள்வேன். நாற்பத்தெட்டு நாள்தானே, மறுபடி முதலிலிருந்து எரிந்துவிட்டுப் போகட்டும்.

அங்கம்மா

*

முருகன் துணை

லாயாங் லாயாங்
19-11-1928

அன்புள்ள ஜொஹராக்காவுக்கு, அங்கம்மா நலம். நீங்களும் நலமாய் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. பன்னி என்று எழுதியிருக்கிறீர்கள். என் கடிதமும் உங்களுக்குக் கிடைத்திருக்கும், அதில் மாடு. இரண்டும் ஒரே நாளில் எழுதியவை, ரயிலில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

நான் உங்கள் கடிதத்தைப் படிக்கும் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை கடிதத்தில் ஒன்றில்கூட நீங்கள் தலையில் பிஸ்மில்லாவுக்கான 786 போடாமல் எழுதியதில்லை. இதில் இல்லை. பொய்க்கு மேலே அந்த எண்ணை வைக்க உங்களுக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூரே போகவில்லை என்று இவரும் சொன்னார். வால் சுருண்டிருந்ததாம்!

நான் முருகனை எழுதாமல் இருந்தது கை அசுத்தம் என்று. கடைசிக் கடிதத்தில் எழுதாததற்கு அது காரணமில்லை. கொட்டகையில் டின்னே கிடையாது. விளக்கையும் ஆற்றில் போடவில்லை, புளி போட்டு விளக்கி அண்ணி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.

ஆக, அது எது என்று நம் இருவருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அடுப்படியில் நின்று நீங்கள் எனக்கு மாட்டைக் கொடுத்தீர்கள், நான் உங்களுக்குப் பன்னியைக் கொடுத்தேன். இப்போது பொய் சொல்லி அவரவருக்கு ஆகாததை அவரவரே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம். கணக்கு நேராகிவிட்டது. நோட்டில் நான் அடித்துவிட்டிருந்த பதினோரு கோட்டையும் மறுபடி போட்டுவிட்டேன். முருகனுக்குக் குறை என்றால் என்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நேற்று இதையெல்லாம் இவரிடம் சொன்னபோது இந்த மனுஷன் என்ன சொல்கிறார் தெரியுமா? “ரெண்டையும் ஒண்ணா உருக்கிக்கூட ஊத்துவானுங்க புள்ள.” சீ! கேட்டதிலிருந்து நான் சாப்பிடவில்லை. தனியாய் அவதிப்படுவானேன் என்று உங்களுக்கும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வண்டியில் வருகிறோம். தூக்குச்சட்டியில் ஏதாவது ஆக்கி வையுங்கள், அந்தச் சட்டியிலேயே. அரிசியும் காயும் போதும். எண்ணெய் மட்டும் நான் கொண்டுவருகிறேன்.

உங்கள்
அங்கம்மா